கடைசல் முதுகு நாற்காலி: நூறு வயதா, ஐம்பது வயதா?

சாப்பாட்டு மேசைக்கு நான்கு நாற்காலி, ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்க ஒன்று. மஞ்சக்குப்பத்தில் வீட்டைப் புதுப்பித்தபோது எங்களுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். பழைய மர நாற்காலி, அதிலும் கடைந்தெடுத்த குச்சிகளை வரிசையாக நிறுத்தி முதுகு செய்த வகைதான் வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். அழகு ஒரு காரணம். கடலூர் வெயில் இன்னொரு காரணம். மே மாதத்தில் மெத்தை முதுகு நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். குச்சிகளுக்கு நடுவே காற்று போகும்.

அதற்காக ஆறு மாதம் புதுச்சேரிக்கு அலைந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலைக் கிடங்குகள், ஆரோவில் போகும் வழியிலுள்ள கடைகள், இடிக்கப்போகும் ஒன்றிரண்டு பழைய வீடுகள் என்று பார்த்ததில், போட்டி முக்கியமாக இரண்டு வகைகளுக்குள்தான் என்று புரிந்தது. ஒன்று, நூறு வயதைத் தாண்டியது என்று சொல்லப்படும் விண்ட்சர் வகை. மற்றது, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் செய்த தேக்கு நாற்காலி.

இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். குனிந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். விண்ட்சர் நாற்காலிக்கு உயிர் அதன் இருக்கைப் பலகை. கால்கள் கீழிருந்து பலகையில் ஏறுகின்றன, முதுகுக் குச்சிகள் மேலிருந்து அதே பலகையில் இறங்குகின்றன. பின்காலுக்கும் முதுகுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. நம்மூர் தேக்கு நாற்காலி அப்படியில்லை. பின்கால் இரண்டும் அப்படியே மேலே நீண்டு முதுகின் சட்டமாகிவிடும். குச்சிகள் மேலே ஒரு குறுக்குக் கட்டைக்கும் கீழே ஒரு குறுக்குக் கட்டைக்கும் நடுவே நிற்கும். சாய்ந்து உட்காரும் பாரத்தை விண்ட்சரில் குச்சிகள் தாங்குகின்றன, தேக்கு நாற்காலியில் பின்கால்கள் தாங்குகின்றன. எதை வாங்குவது என்பதற்கு வயதைவிட இதுதான் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன்.

விண்ட்சரைப் பற்றிக் கடைக்காரர்கள் ‘துரைமார் நாற்காலி’ என்பார்கள். பிறந்த ஊரில் அது சாதாரண மக்களின் நாற்காலி. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊரைச் சுற்றியிருந்த காடுகளில், வெட்டிய ஈரம் காயாத பீச் மரத்தை அங்கேயே கால்மிதி கடைசலில் கடைந்து கால்கள் செய்தார்கள். இருக்கைக்கு எல்ம் மரம், வளைவுக்கு ஆஷ். 1944-இல் பிரிட்டிஷ் அரசு, போர்க்காலத் தேவைக்காக அதே ஊரில் இருந்த எர்கோல் நிறுவனத்திடம் மலிவு விலையில் ஒரு லட்சம் நாற்காலி கேட்டபோது, கேட்டது சமையலறைக்கான விண்ட்சர் நாற்காலிதான். மெலிந்த குச்சிகள் முதுகுக்கு ஏற்ப லேசாக வளைந்து கொடுக்கும். உட்காரும் சுகத்தில் இதற்கு ஈடு நான் பார்க்கவில்லை.

ஆனால் அந்த மரங்கள் நம் ஊருக்கு ஏற்றவை அல்ல. பீச் மரத்தை வண்டு எளிதாகத் துளைத்துவிடும். நாங்கள் பார்த்த ஒரு ஜோடியின் காலைத் தட்டியதும் மஞ்சள் தூள் கொட்டியது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் கரையானும் வண்டும் அதை அவ்வளவு எளிதில் நெருங்காது. அப்புறம் நம் பருவநிலை இருக்கிறது. ஐப்பசி மழையில் மரம் ஊதும், சித்திரையில் சுருங்கும். விண்ட்சரில் எல்லா மூட்டுகளும் ஒரே பலகையில் இருப்பதால், பலகை அசைந்தால், துளைக்குள் இறங்கியிருக்கும் முனை, அதாவது கழுந்து, எல்லாமே தளரத் தொடங்கும்.

புதுப்பாளையத்தில் எங்களுக்கு வேலை செய்யும் ஆசாரி ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். “தம்பி, நாற்காலியை ஆட்டிப் பாக்காதீங்க. ஒவ்வொரு குச்சியா புடிச்சுத் திருகிப் பாருங்க. சுத்துற குச்சி செத்த குச்சி.” அதன்பின் எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் குச்சிகளைத்தான் திருகுவேன். தேக்கு நாற்காலியில் ஒன்றிரண்டு சுற்றினால் கவலை இல்லை. மேல் கட்டையைக் கழற்றி, கடைசல் பட்டறையில் அதே அளவுக்குப் புதுக் குச்சி கடைந்து போட்டுவிடலாம். விண்ட்சரில் நான்கு குச்சி சுற்றினால் விட்டுவிடுங்கள். யாராவது முன்பே ஆணி அடித்திருந்தாலும் அப்படித்தான். ஆணி அடித்த இடத்தில் பலகை பிளந்திருக்கும்.

பழைய நாற்காலிகளை ஒட்டியது வச்சிரத்தால், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால். வெந்நீரும் சூடும் பட்டால் அது இளகும், மூட்டைப் பிரித்து மறுபடி ஒட்டலாம். அதன்மேல் ஃபெவிகால் போட்டுவிட்டால் அடுத்த தடவை மூட்டு பிரியாது, மரம்தான் பிய்ந்து வரும். பழுது பார்க்கக் கொடுக்கும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வயதை எப்படித் தெரிந்துகொள்வது? இதில் நாங்கள் ஏமாந்திருக்கிறோம். ‘பிரெஞ்சுக்காரர் காலத்தது, நூறு வருஷம் இருக்கும்’ என்று ஒரு கடையில் கொடுத்த நாற்காலியை வீட்டில் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் ஸ்டார் ஸ்க்ரூ, தலையில் கூட்டல் குறிபோல வெட்டு உள்ளது. அந்த வகைத் தலையுள்ள ஸ்க்ரூ 1930-களில்தான் சந்தைக்கே வந்தது. பின்னாளில் பழுது பார்த்தபோது போட்டிருக்கலாம்தான். ஆனால் எல்லா மூட்டிலும் அதே ஸ்க்ரூ, சுற்றிலும் பழைய துளையின் தடமே இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1954 வரை நடந்ததால், ‘பிரெஞ்சுக் காலம்’ என்ற சொல்லே எழுபது வயது நாற்காலிக்கும் பொருந்திவிடும். அந்தச் சொல்லை நம்பிக் காசு கூடக் கொடுக்காதீர்கள்.

நம்பத்தக்க அடையாளங்கள் வேறு. மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. அதனால் வட்டமாகக் கடைந்த கால் பல ஆண்டுகளில் கொஞ்சம் நீள்வட்டமாகியிருக்கும். காலிப்பர் வைத்து இரண்டு பக்கமும் அளந்தால் தெரியும். முன்காலின் குறுக்குக் கட்டை, பாதம் பட்டுப்பட்டு மேல்பக்கம் மட்டும் தேய்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் சமமாகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை. கையால் கடைந்த குச்சிகளை அருகருகே பார்த்தால் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்கும்.

கடைந்த குச்சி முதுகு நம் கடற்கரைக்கு இரவல் சரக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் இந்தச் சோழமண்டலக் கரையில், ஐரோப்பிய வணிகர்களுக்காகக் கருங்காலியில் தாழ்ந்த முதுகு நாற்காலிகள் செய்தார்கள். முறுக்குக் கயிறுபோலக் கடைந்த குச்சிகள், உடம்பெல்லாம் பூ வேலை. அவற்றில் சில இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த நூற்றாண்டில் ஹோரஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அவற்றை ட்யூடர் காலத்து ஆங்கில வேலைப்பாடு என்று நம்பித் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வாங்கி வைத்தார். நம் கடைசல்காரர்களின் கை அது. படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நாற்காலிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கிடங்கில் ‘டச்சுக் கருங்காலி’ என்று காட்டினால், கறுப்புச் சாயத்துக்கு அடியில் என்ன மரம் என்று பாருங்கள்.

வியன்னா வளைமர நாற்காலியையும் இவற்றோடு சேர்த்துக் காட்டுவார்கள். 1859-இல் தோனெட் என்ற மரச்சாமான் தயாரிப்பாளர் வடிவமைத்தது, ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. எடை குறைவு, பிரம்பு இருக்கையில் காற்றோட்டம் அருமை. ஆனால் அதுவும் பீச் மரம், குச்சி முதுகும் கிடையாது. புதிதாகச் செய்து பழசாக்கி விற்பதை நான் வேண்டாம் என்பேன். புதிதுதான் வேண்டுமென்றால் ஆசாரியிடம் சொல்லி நேராகவே செய்துகொள்ளலாம். தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலாவில் செய்த ஒரு நாற்காலி எங்கள் உறவினர் வீட்டில் இன்றும் அசையாமல் நிற்கிறது.

சரி, நாங்கள் என்ன வாங்கினோம்? மேசைக்கு அலுவலகத் தேக்கு நாற்காலி நான்கு. விலையும் கட்டுப்படியானது, பிள்ளைகள் பின்கால் இரண்டில் நிறுத்தி ஆடினாலும் தாங்குகிறது. உயரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது அங்குல மேசைக்குப் பதினெட்டு அங்குல இருக்கை சரி. பழையவற்றில் சிலதுக்குக் கால் அறுத்திருப்பார்கள். மணி மணியாகக் கடைந்த தடித்த குச்சிகள் ஒற்றைப்படையில் இருந்தால் நடுக்குச்சி முதுகெலும்பில் குத்தும். நாங்கள் ஆறு குச்சி உள்ளதாகத் தேர்ந்தெடுத்தோம்.

ஜன்னலோரத்துக்கு மட்டும் விண்ட்சர் வடிவம். அதுவும் உள்ளூரில் தேக்கில் செய்த பழையது, தேடிக் கிடைத்தது. ஒரே ஆள், மெதுவாக உட்கார்ந்து எழும் இடம், அங்கே அது நிலைக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய இத்தகைய கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது.

எதை வாங்கினாலும் நேராகக் கூடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு மூன்று வாரம் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ வெள்ளைத்தாளை விரித்து அதன்மேல் நிறுத்துங்கள். தினமும் காலையில் தாளைப் பாருங்கள். தூள் விழுந்திருந்தால் வண்டு உள்ளே வேலை செய்கிறது, மருந்து அடிக்காமல் மற்ற மரச்சாமானின் பக்கத்தில் விடக்கூடாது. தாள் சுத்தமாகவே இருந்தால் உள்ளே எடுத்து வரலாம்.