கரண்ட் மத்தா, மர மத்தா?

இரண்டாவது மாடும் கன்று போட்டதில், விற்றது போக தினமும் ஆறு லிட்டர் பால் வீட்டில் நின்றது. கை வலிக்கிறது என்று ஒரு கரண்ட் மத்து வாங்கி ஒன்றரை வருடம் கடைந்தேன். இப்போது அப்பத்தாவின் மர மத்துக்கே திரும்பிவிட்டேன், அதனால் நடுநிலையாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

வேகத்தில் மெஷின்தான், சந்தேகமே இல்லை. வெண்ணெய் இரண்டிலும் கால் கிலோ சொச்சம். பசும்பாலில் நூற்றுக்கு நாலு பங்குதான் கொழுப்பு, எதில் கடைந்தாலும் அதற்கு மேல் வராது. மிக்ஸி பற்றிக் கேட்காதீர்கள், சுற்றுகிற சூட்டிலேயே இளகிவிடும்.

என்னைத் திருப்பியது உப்புக் காற்று. தொண்டிக்குத் தெற்கே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. மோட்டார் தாழிக்கு நேர் மேலே நிற்கிறது. ஆறே மாதத்தில் திருகாணியெல்லாம் துருப்பிடித்து, ஒரு நாள் வெண்ணெய் வழிக்கும்போது விரலில் துருச்செதில் தட்டுப்பட்டது. எண்ணெய் விட்டேன், துணி சுற்றினேன், கடைசியில் தண்டே இறுகிப்போய் ராமநாதபுரம் வரை தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்த காசுக்கு இரண்டு மர மத்து வாங்கியிருக்கலாம். மர மத்துக்கு வெந்நீரும் வெயிலும் போதும். ஈரத்தோடு மூலையில் சாத்தினால் மட்டும் பூஞ்சை பிடித்து மறுநாள் மோர் நாறும்.

இன்னொன்று, கொழுப்பு கொஞ்சம் இறுகலாக இருந்தால்தான் ஒட்டித் திரளும், அதனால் சித்திரை வெயிலில் எதில் கடைந்தாலும் விடியுமுன் முடித்துவிட வேண்டும். ஆனால் மர மத்தில் திரளும் நேரத்தில் கயிறு கனக்கும், சத்தம் மாறும், கை தானாக நிற்கும். மெஷினில் கொஞ்சம் அசந்தால் வெண்ணெய்க்குள் மோர் சிக்கிக்கொள்ளும்.

அப்பத்தாவுக்கோ வேறு கணக்கு. வெளியாள் கண் பட்டால் வெண்ணெய் திரளாதாம், வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் கடைவார். விளக்கு வைத்த பிறகு உறைமோர் கேட்டு வந்த சின்னம்மாவையே "விடியட்டும் ஆத்தா" என்று அனுப்பியவர். மெஷின் ஓடிய காலத்தில் அந்தப் பக்கமே வரவில்லை, கயிறு போட்டதும் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

நான் இரண்டு மாட்டுக்காரன். பத்து மாடு இருந்தால் என் கையும் மெஷினைத்தான் தேடுமோ என்னவோ. கடலை விட்டுத் தள்ளி, பரமக்குடிப் பக்கம் இருந்தால் அது இன்னும் கொஞ்சம் நாள் உழைக்கலாம். விற்றுவிடலாம் என்று இரண்டு பேரிடம் காட்டினேன், துருவைப் பார்த்துவிட்டுப் பழைய இரும்பு விலைக்குக் கேட்கிறார்கள்.