மூன்று இடுக்கிகளும் என் கட்டைவிரலும்

என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. 31 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீட்டில் ஐந்து பேருக்குச் சமையல். பாட்டில் மூடி திறப்பதும் துணி பிழிவதும் சிரமம்தான், ஆனாலும் அவற்றை யாரிடமாவது கொடுத்துவிடலாம். கொதிக்கிற பாத்திரத்தை இறக்குவதை அப்படிக் கொடுக்க முடியாது. பால் பொங்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்தான் இறக்க வேண்டும். அதனால் இந்த ஆறு மாதத்தில் மூன்று இடுக்கிகள் வாங்கி, மூன்றையும் தினமும் பயன்படுத்திப் பார்த்தேன். கைவலி உள்ளவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாங்கப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் மாமியார் காலத்து இடுக்கி ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு நாள் ஒன்றரை லிட்டர் பாலை அதால் பிடித்து இறக்கும்போது பாத்திரம் மெல்லச் சாய்ந்தது. பாதிப் பால் அடுப்பில் கொட்டியது. கையில் படவில்லை. இடுக்கியின் ஆணி தளர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் அதே பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்த்தபோது வேறு விஷயம் புரிந்தது. அந்தப் பாத்திரம் புதிது, அதற்கு விளிம்பு கிடையாது. நேராக ஏறி அப்படியே முடிந்துவிடுகிறது. பழைய பாத்திரங்களில் வாய் ஓரம் வெளியே மடிந்திருக்கும். இடுக்கியின் ஒரு வாய் அந்த மடிப்புக்கு அடியில் போய் உட்காரும். எடையைத் தாங்குவது அந்த மடிப்பு. நம் கை அழுத்தம் அதை விலகாமல் வைத்திருந்தால் போதும். விளிம்பு இல்லாத பாத்திரத்திலோ முழு எடையையும் உராய்வு மட்டுமே தாங்க வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் எண்ணெயோ பாலாடையோ இருந்தால் முடிந்தது கதை.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் கும்பகோணம் கடைத்தெருவுக்குப் போனேன். பையில் அந்தப் பாத்திரத்தையும் எடுத்துப் போனேன். கடைக்காரர் பதினைந்து இடுக்கிகளை மேஜையில் பரப்பினார். "இது முந்நூத்தி நாலு ஸ்டீல்மா, பாருங்க" என்று சொல்லி ஒரு காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. அவர் நல்ல மனிதர், ஏமாற்றவேண்டும் என்று அப்படிச் செய்யவில்லை. ஆனால் அந்தச் சோதனையால் 304 என்று தெரியாது. 202 என்ற இன்னொரு ரக எஃகும் காந்தத்தில் ஒட்டாது. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசு சேர்ப்பார்கள். விலை குறையும், உப்புக்கும் புளிக்கும் தாங்கும் சக்தியும் குறையும். இடுக்கியில் முதலில் பழுப்பேறும் இடம் ஆணியைச் சுற்றித்தான், ஈரம் அங்கேதான் தங்கும்.

நான் கேட்டது வேறு. "தம்பி, இதுல தண்ணி ஊத்தித் தூக்கிப் பாக்கலாமா?" என்றேன். அவர் முகத்தில் ஒரு தயக்கம் வந்தது, ஆனால் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரே கொண்டுவந்துவிட்டார். அதற்காகவே அந்தக் கடைக்கு மறுபடியும் போவேன்.

அங்கே வாங்கியதுதான் முதல் இடுக்கி. விலை 140 ரூபாய். கத்தரிக்கோல் போல நடுவில் ஆணி வைத்தது. ஆணியிலிருந்து வாய் நுனிவரை 5 சென்டிமீட்டர், பிடியின் கடைசிவரை 15. அதாவது பிடியின் கடைக்கோடியைப் பிடித்து அழுத்தினால் வாயில் அதைப்போல் மூன்று மடங்கு விசை கிடைக்கும். நாங்கள் வகுப்பில் முதல் வகை நெம்புகோல் என்று நடத்துவோமே, அதேதான். பழைய இடுக்கியில் இந்தக் கணக்கு இரண்டு மடங்குதான் வந்தது. என் கட்டைவிரலுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. இன்னொரு நல்ல விஷயம், இதன் வெளிவாய் இரண்டு விரல் அகலம். பாத்திரத்தை ஒரு பக்கமாகப் பிடிக்கும்போது அதன் எடை பாத்திரத்தைக் கீழ்நோக்கித் திருப்பப் பார்க்கும். வாய் குறுகலாக இருந்தால் பாத்திரம் அதில் சுழலும், அகலமாக இருந்தால் சுழலாது. என் பால் சாய்ந்தது இதனாலும்தான்.

குறை என்னவென்றால் பிடி மெல்லிசு. தகட்டை மடித்து முடித்துவிட்டார்கள். இரண்டு கிலோ சாம்பார்ப் பாத்திரத்தை இறக்கினால் உள்ளங்கையில் கோடு விழுகிறது. நம் ஊரில் இடுக்கி செய்கிறவர்கள் வாயைப் பற்றி யோசிக்கிற அளவுக்குக் கையைப் பற்றி யோசிப்பதில்லை என்பது என் உண்மையான வருத்தம். அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், கீல்வாதத்தால் தோல் சீவச் சிரமப்பட்ட தன் மனைவி பெட்சியைப் பார்த்துத்தான் தடித்த, மெத்தென்ற பிடி வைத்த தோல்சீவியைப் பற்றி யோசித்தார். 1990-இல் ஓக்ஸோ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. கைவலிக்காரர்களை மனதில் வைத்துச் செய்த பிடி எல்லோருக்குமே வசதியாக இருந்தது. மெல்லிய பிடியைவிடத் தடித்த பிடியை இறுக்க விரல்களுக்கு அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை, அவ்வளவுதான் சங்கதி. நம் இடுக்கிக்கு அதைச் செய்ய எவ்வளவு செலவாகிவிடும்? நான் பிடியின் கடைசி 8 சென்டிமீட்டருக்குப் பருத்திக் கயிறு இறுக்கிச் சுற்றியிருக்கிறேன். நெருப்புக்குப் பக்கத்தில் வராத பகுதி அது. மாதம் ஒரு முறை அவிழ்த்து வேறு கயிறு சுற்றுகிறேன். வலி பாதியாகிவிட்டது.

ஒன்று மறக்காமல் சொல்ல வேண்டும். ரசம் வைக்கிற ஈயச்சொம்பை எந்த இடுக்கியாலும் பிடிக்காதீர்கள். அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். சூட்டில் இன்னும் இளகும், இடுக்கியின் வாய் பதிந்து விளிம்பு நெளிந்துவிடும். மடித்த காடாத் துணியால் இரண்டு கையாலும் பிடித்து இறக்குவதுதான் சரி.

இரண்டாவது, இணையத்தில் வாங்கிய 9 அங்குல இடுக்கி. ஸ்டீல் கரங்கள், நுனியில் சிலிகான், பின்னால் இழுத்தால் பூட்டிக்கொள்கிற வளையம். 349 ரூபாய். இது முதல் வகைக்கு நேர் எதிர். மூட்டு கடைசியில் இருக்கிறது, கை நடுவில் அழுத்துகிறது. அதனால் நுனியில் கிடைப்பது நாம் கொடுக்கிற விசையில் பாதிதான். இது குறை இல்லை. வடையையும் பஜ்ஜியையும் எடுக்க அந்தப் பாதிதான் தேவை, நசுங்காது. பொரிக்கிற எண்ணெய் 180 டிகிரி பக்கம் இருக்கும், அதைச் சிலிகான் நன்றாகத் தாங்குகிறது. கடாய்க்குக் கீறல் இல்லை. சப்பாத்தி புரட்ட, வேகவைத்த சோளக்கதிரை எடுக்க, இட்லித் துணியின் ஓரத்தைத் தூக்க, எல்லாவற்றுக்கும் கை இதைத்தான் தேடுகிறது.

ஆனால் எனக்கு வந்த முதல் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். அதன் ஸ்பிரிங் அவ்வளவு கெட்டி. பூரி எடுக்கும்போது ஒவ்வொரு பூரிக்கும் முதலில் ஸ்பிரிங்கோடு போராட வேண்டும், மிச்சம்தான் பூரிக்கு. இருபது பூரி முடிவதற்குள் கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது. மாற்றி வந்தது வேறு தயாரிப்பு, ஸ்பிரிங் மென்மை, இரண்டு விரலால் மூட முடிகிறது. கடையில் வாங்குகிறவர்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்து இருபது தடவை மூடித் திறந்து பாருங்கள். முதல் ஐந்து தடவையில் ஒன்றும் தெரியாது.

சிலிகானும் ஸ்டீலும் சேருகிற இடத்தில் ஒரு மயிரிழை இடுக்கு இருக்கிறது. கடலைமாவும் எண்ணெயும் அதில் போய் உட்கார்ந்து மூன்றாம் வாரமே சிக்கு வாடை வந்தது. வாரம் ஒரு முறை வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்கிறேன். நுனியைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருந்தால் இந்த வேலையே இல்லை.

மூன்றாவது, சுத்தம் செய்ய. இரண்டு பிளாஸ்டிக் கரங்கள், அவற்றில் மாட்டுகிற துணி உறைகள். ஜன்னல் கம்பியை நடுவில் வைத்துப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் முன்னும் பின்னும் ஒரே இழுப்பில் துடைத்துவிடும். எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலில் 22 கம்பி. முன்பு ஒவ்வொன்றையும் துணியால் சுற்றிப் பிடித்துத் தேய்ப்பேன், இரண்டு நாள் கை வலிக்கும். இப்போது கால் மணி நேரம். மின்விசிறி இறக்கையிலும் முயன்றோம், பிடி குட்டை என்பதால் ஸ்டூலில் ஏறவேண்டியிருக்கிறது. என் வயதில் அது வேண்டாம், அதைப் பேரன் செய்கிறான். உறை இரண்டு செட்தான் கொடுக்கிறார்கள். மருமகள் பழைய பனியன் துணியில் இன்னும் நான்கு தைத்துக் கொடுத்தாள், அது இன்னும் நன்றாகத் தூசியைப் பிடிக்கிறது.

குளியலறை ஜாலியில் அடைக்கிற முடியை எடுக்க மாமியாரின் பழைய இடுக்கியை ஒதுக்கிவிட்டேன். அம்மிக்கல்லில் வைத்து ஆணியைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் பிடி இறுகிவிட்டது. அது அடுக்களைக்குத் தவறி வந்துவிடக் கூடாது என்று பிடியில் சிவப்புக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.

முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். மூன்றாவது, கம்பி ஜன்னல் நிறைய உள்ள வீட்டுக்கு மட்டும். அடுத்த மாதம் கும்பகோணம் போகும்போது மருமகளுக்கும் ஒரு பாத்திர இடுக்கி வாங்க வேண்டும். அவள் கை என்னுடையதைவிடச் சின்னது. "அத்தை, நானும் வரேன், என் கைக்குப் பாத்துதான் வாங்கணும்" என்றிருக்கிறாள். பால் பாத்திரத்தையும் எடுத்துப் போகிறோம்.