நான்கு நாளைத் தின்ற டைமிங் செயின்

திருகோணமலையில் கோணேசர் கோயில், நிலாவெளிக் கடல், கன்னியா வெந்நீர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மூன்று வார லீவில் நான்கு நாளை ஒரு செயின் தின்றுவிட்டது. அதைத்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது.

அத்தானின் கார் பழைய டொயோட்டா 121 கொரோல்லா. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள்; இப்போது திறந்தும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே, என்ஜினை இறக்கிச் செய்வதுதான் வழி. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். ரிங், பெயாரிங் எல்லாம் சுகமாக முடிந்தன. மிச்சம் டைமிங் செயின், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற செயின்.

டவுனில் ஒரு கடையில் 'ஜப்பான் ஒரிஜினல்' என்று பெட்டியோடு ஒரு செயின் வாங்கிப் போனேன். கராஜ் பாஸ் பெட்டியைப் பார்க்கவேயில்லை. கண்ணிகளின் விளிம்பை நகத்தால் தடவினார், பிசிறு தட்டியது. கண்ணிகளைக் கோர்க்கிற ஊசிகளின் தலைகளில் ஒன்று சப்பை, ஒன்று கூம்பு. பிறகு பழையதையும் புதியதையும் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தார். புதியதுதான் அதிகம் தொங்கியது!

"பெட்டியை ஆரும் அச்சடிக்கலாம் தம்பி. கண்ணியில பேர் இருக்கா பாருங்கோ. சுபாக்கிமோட்டோ மாதிரி செயினே தொழிலா இருக்கிறவன் தன்ர பேரைப் போடாம விடமாட்டான்."

செயின் இழுபடுவதென்றால் இரும்பு நீளுவது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இல்லையாம். ஆயில் மாற்றாமல் ஓட ஓட ஒவ்வொரு கண்ணியிலும் ஊசி தேய்ந்து மயிரளவு இடைவெளி விழும். எல்லாம் சேர்ந்தால் வால்வு பிந்தித் திறக்கும். பல்லுத் தாண்டினால் பிஸ்டன் போய் வால்வில் முட்டும். செயினை மட்டும் வாங்கியதும் என் பிழைதான். தேய்ந்த பல்லுச்சக்கரம் புதுச் செயினையும் தின்னும். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், அது ஓடுகிற கைட் எல்லாம் சேர்த்து செட்டாக வேண்டும்.

ரொறன்ரோவில் இத்தனை வருடம் கார் வைத்திருந்தும் எனக்கு மாற்றிய ஒரு சாமானையும் கண்ணால் கண்டதில்லை. போன் வரும், விலை சொல்வார்கள், கார்டை நீட்டுவேன். இங்கே பிளேன்டீ தந்து, வாங்கில் இருத்திப் பாடம் எடுக்கிறார். சந்தோஷம்தான். ஆனால் பாடம் முடியப் பொழுதுபட்டுவிட்டது.

கடையில் காசு திருப்பித் தரமாட்டார்களாம், பில்லிலேயே அச்சடித்திருந்தது. கனடாவில் என்றால் கேள்வி கேட்காமல் எடுப்பார்கள் என்றேன். "அப்ப அங்கேயே வாங்கியிருக்கலாமே அண்ணை" என்றான் கடைப் பெடியன். பதில் இல்லை.

சரி, கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பாஸின் கூட்டாளி ஒருவர். அடுத்த நாள் போயா, பௌர்ணமி லீவு, கடை பூட்டு. அதற்கடுத்த இரவு செட் பஸ்ஸில் ஏறியது. பஸ் நம்பர் மட்டும் போனுக்கு வரும், விடியப் போய் நிற்க வேண்டும், பழைய முறைதான். நாலரைக்கு நுளம்புக்கடியில் நின்றேன். கண்டக்டர் சீட்டுக்கடியிலிருந்து பார்சலை எடுத்து, பெயர்கூடக் கேட்காமல் கையில் வைத்தார். ரொறன்ரோவில் ஒரு சட்டை வந்தாலும் சிலவேளை கையெழுத்துக் கேட்பார்கள்.

ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தேன். பெயர் இருந்தது. பூட்டிய பிறகு பாஸ் திருப்புளியை என்ஜினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

கடைக்காரர் கடைசிவரை காசு தரவில்லை. நாலாம் தரம் போனபோது அந்தப் பெறுமதிக்கு ஆயில் பில்டர்களாகத் தந்தார். அத்தான் அவற்றை அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்.