சந்தையா, இலக்கா? என்.எச்.எஸ்.ஸில் எது வேலை செய்தது?

பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் நடந்த நிர்வாகச் சீர்திருத்தங்களை எல்லோரும் ஒரே மூட்டையாகக் கட்டித் திட்டுகிறார்கள், இல்லையென்றால் புகழ்கிறார்கள். ஆனால் அதற்குள் இரண்டு வேறுவேறு வழிகள் இருக்கின்றன. 1983இல் ராய் கிரிஃபித்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் நிர்வாகி வந்து, குழு கூடி ஒருமனதாக முடிவெடுப்பதை விட்டுவிட்டுப் பொறுப்பேற்க ஒரு மேனேஜரைப் போடுங்கள் என்றார். இரண்டுமே அதற்குப் பிறகு வந்தவைதான்.

முதலாவது, 1991இன் உள்சந்தை. சுகாதார ஆணையங்களும், தங்கள் நோயாளிகளுக்கான நிதியை அரசிடம் வாங்கித் தாங்களே நிர்வகித்த ஜிபி டாக்டர்களும் (குடும்ப மருத்துவர்கள்) சிகிச்சையை 'வாங்குவார்கள்', மருத்துவமனைகள் 'விற்கும்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் போட்டியில் தோற்ற மருத்துவமனையை இழுத்து மூட எந்த அரசியல்வாதிக்குத் துணிச்சல் வரும்? அதனால் போட்டி பெயரளவில்தான் இருந்தது, ஒப்பந்தம், பில், கணக்கு வேலைகள் மட்டும் நிஜமாகவே பெருகின. நிதி வைத்திருந்த டாக்டரின் நோயாளிக்கு முன்னுரிமை கிடைக்கிறது என்ற புகார் வேறு.

இரண்டாவது, 2000க்குப் பிறகு வந்த இலக்குகள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் 98 சதவீதத்தினரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும், எப்படிச் செயல்படுகின்றன என்று பார்த்து மருத்துவமனைகளுக்கு நட்சத்திர மதிப்பீடு வேறு. தில்லுமுல்லும் நடந்தது: கெடு முடியும் கடைசி நிமிடங்களில் திடீரென்று வார்டு அட்மிஷன்கள் குவியும், உள்ளே நான்கு மணி நேரக் கணக்கு ஓடத் தொடங்கிவிடக் கூடாதென்று ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கும். மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனை நிர்வாகத்தில் செலவுக் குறைப்பையும் இலக்கையும் துரத்தியதில் நோயாளிகள் கவனிப்பாரின்றிப் போன கொடுமையை 2013இன் ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை விரிவாகவே பதிவு செய்தது.

இவ்வளவுக்குப் பிறகும் என் ஓட்டு இலக்குக்குத்தான். இங்கிலாந்தில் காத்திருப்பு நன்றாகவே குறைந்தது. அதே ஆண்டுகளில் நிதி ஏறியும் நட்சத்திர மதிப்பீட்டை ஏற்காத, தன் என்.எச்.எஸ்.ஸைத் தானே நடத்தும் வேல்ஸ் பின்தங்கியது, ஆகவே பணம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சந்தைப் பக்கம் அவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்ட எதுவும் என் கண்ணில் படவில்லை. 2012இல் சுகாதார அமைச்சர் லான்ஸ்லியின் சட்டம் போட்டியை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தது, 2022இல் இன்னொரு சட்டம் போட்டு அதில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டார்கள்.

ஆனால் ஒன்று, பணம் இல்லாமல் இலக்கும் ஓடாது. 2010இல் அந்த 98ஐ 95 ஆக்கினார்கள், நிதியும் இறுகியது, 2015 ஜூலைக்குப் பிறகு இங்கிலாந்து அந்த 95ஐக்கூடத் தொடவில்லை.