தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ‘புதியது மாற்றினோம்’ என்று பில் போடுகிறார்கள்

பெரிய டீசல் ஜெனரேட்டரைப் பராமரிக்கும் ஒவ்வொருவரும் இதைப் படித்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினின் வெப்பநிலைக்கேற்ப ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும் வால்வு. எங்கள் 12 சிலிண்டர் எஞ்சின் முழு லோடில் (முழு மின்சுமையில்) சூடேறுகிறது என்று ஒரு சர்வீஸ் பட்டறையிடம் வேலையைக் கொடுத்தோம். ‘தெர்மோஸ்டாட் புதியது - 4’ என்று பில் எழுதிப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். எஞ்சினுக்குள் அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

ஒப்படைக்கும்போது லோடே கொடுக்காமல் ஓட்டிக் காட்டினார்கள். வெப்பமானி முள் 60 டிகிரியைத் தாண்டவில்லை. “பாருங்கள் சார், எவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறது” என்றார் மேற்பார்வையாளர். அந்த 60தான் மோசடியின் முதல் அடையாளம். இத்தகைய எஞ்சினில் கூலன்ட் (எஞ்சினுக்குள் சுற்றிக் குளிர்விக்கும் நீர்மம்) 80 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும்.

பிறகு தொல்லை இரண்டு பக்கமும் வந்தது. லோடு குறைவாக இருக்கும்போது வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. ஆயில் மட்டம் ஏறியது, அளவுகோலை உருவினால் டீசல் வாடை. முழு லோடு விழுந்த அன்றோ, முள் விறுவிறுவென்று ஏறி, அபாய மணி அடித்து எஞ்சின் தானாக நின்றது.

ஒரே எஞ்சின் குளிர்ந்தும் கொதித்தும் எப்படிக் கெடும்? தெர்மோஸ்டாட்டின் நடுவில் மெழுகு அடைத்த ஒரு சிறு குப்பி இருக்கிறது. அதில் 82 என்று பொறித்திருந்தால், கூலன்ட் 82 டிகிரியைத் தொடும்போது மெழுகு உருகி விரிந்து, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கத் தொடங்கும். முழுதாகத் திறக்க ஏறத்தாழ இன்னும் 10, 12 டிகிரி ஆகும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகப் பம்புக்குத் திரும்பி எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பலரும் கவனிக்காதது மறுபாதியை: பெரிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில், ரேடியேட்டர் வழி திறக்கத் திறக்க அதே தெர்மோஸ்டாட் பைபாஸை அடைத்துக்கொண்டே வரும். அதைக் கழற்றிவிட்டால் இரண்டு வழிகளும் எப்போதும் திறந்தே கிடக்கும். லோடு குறைவு என்றால் ரேடியேட்டருக்குள் போகும் பங்கே எஞ்சினைக் குளிர வைத்துவிடும். முழு லோடிலோ, கூலன்ட்டில் கணிசமான பகுதி சூடு தணியாமலே பைபாஸில் திரும்பி வந்துவிடுவதால், ரேடியேட்டர் இருந்தும் பயனில்லை.

குளிர்ந்து ஓடுவது நல்லதுதானே என்று நினைப்பவர்களை எண்ணித்தான் எனக்குக் கவலை. குளிர்ந்த லைனர் (சிலிண்டரின் உள் உறை) சுவரில் டீசல் சரியாக எரியாமல் ஒட்டி, ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயிலுக்குள் இறங்குகிறது. எரிபொருளில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அதே சுவரை அரிக்கிறது. கொதித்தால் மணி அடிக்கும். இதற்குப் பெரும்பாலும் எந்த மணியும் அடிக்காது.

தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங்கை நாங்களே கழற்றினோம். கசிவைத் தடுக்கும் கேஸ்கட் இருக்க வேண்டிய இடத்தில் சிலிக்கோன் பசையை அப்பியிருந்தார்கள். நான்கு குழிகளும் காலி. பழைய ரப்பர் சீல் வளையங்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஒன்றில் ஸ்க்ரூடிரைவர் கிழித்த தடம்.

பட்டறை உரிமையாளரிடம் கேட்டேன். “வெயில் ஊரில் தெர்மோஸ்டாட் எதற்கு சார்? எல்லோருக்கும் கழற்றித்தான் கொடுக்கிறோம்” என்றார் கூசாமல். அப்படியானால் நான்கு புதியவற்றுக்குப் பில் ஏன் என்றதற்கு, “டைப் செய்தவர் தவறு” என்றார். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு வேண்டிய வெப்பநிலை ஒன்றுதான். அதைக் காப்பதே தெர்மோஸ்டாட்டின் வேலை.

முதலில் எஞ்சின் சூடேறியதற்குக் காரணம் ரேடியேட்டர்தான். செதில்களுக்கிடையே தூசியும் ஆயிலும் கெட்டிப்பட்டு அடைத்திருந்தன. அதைச் சுத்தம் செய்து, புதிய சீல்களோடு நான்கு தெர்மோஸ்டாட்டுகளையும் பொருத்திய பிறகு முழு லோடிலும் முள் 90ஐ ஒட்டியே நிற்கிறது.

சந்தேகம் இருந்தால் குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்ட நின்று, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை அது பெரிதாகச் சூடேறக் கூடாது. திறந்ததும் சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே சேர்ந்து சூடேறினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது சீல் கசிகிறது. புதியதை வாங்கினால் பொருத்துமுன் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கி, எந்த டிகிரியில் திறக்கிறது என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய பாகங்களைக் கையில் கேட்டு வாங்குங்கள். முழு லோடில் ஓட்டிக் காட்டாமல் பில்லுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டுக்கு வாங்கிய பணத்தை அந்தப் பட்டறை திருப்பிக் கொடுத்துவிட்டது. கெட்டுப்போன ஆயிலுக்கும் லைனர் சோதனைக்கும் ஆன செலவைத் தர மறுக்கிறது. எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன், விடப்போவதில்லை.