கிட்டப்பார்வைக் கட்டுப்பாட்டுக் கண்ணாடி: மூன்று வருடத்துக்குப் பிறகு

நேற்று மறுபடியும் என் மகளின் கண்ணாடிக்கு நோஸ் பேட் (மூக்கில் பதியும் சின்னத் தாங்கி) மாற்றிக்கொண்டு வந்தோம். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. வீடு வந்து சேர்ந்ததும் தோழியிடமிருந்து போன்: "என் பையனுக்கும் பவர் ஏறிக்கிட்டே இருக்கு. உன் பொண்ணு போடற கண்ணாடியை வாங்கலாமா?" எரிச்சலில் இருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

என் மகளுக்கு எட்டு வயதில் மைனஸ் 1.75. ஒரே வருடத்தில் 2.50 ஆனது. சாதாரணக் கண்ணாடி தூரத்தைத் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். கண் உள்ளே நீண்டுகொண்டே போவதை அது தடுக்காது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் பவர் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) வரை கூடும். மைனஸ் 6-ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் போன்ற ஆபத்துகள் அதிகம். இதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண் நீள்வதை மெதுவாக்குவதற்கென்றே செய்த, நடுவில் தெளிவான வட்டமும் அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான குட்டி லென்ஸ்களும் உள்ள கண்ணாடிக்கு மாறியது அப்போதுதான்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மூன்று வருடத்தில் பவர் 2.50-இலிருந்து 3.25-க்குத்தான் வந்திருக்கிறது. கண் நீளம் 24.10 மி.மீ.யிலிருந்து 24.48. வயது கூடும்போது ஏற்றம் தானாகவும் குறையும் என்பதால் எல்லாப் பெருமையையும் கண்ணாடிக்கே கொடுக்க மாட்டேன். ஆனாலும் இந்த வகை லென்ஸை வைத்து ஹாங்காங்கில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய இரண்டு வருட ஆய்வில், சாதாரணக் கண்ணாடி போட்டவர்களுக்குச் சராசரியாக 0.85 டயாப்டர் ஏறியது, இதைப் போட்டவர்களுக்கு 0.41. எங்கள் அனுபவமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

என் கோபமெல்லாம் கண்ணாடி வழுக்குவதில்தான். இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அந்தத் தெளிவான வட்டத்தின் குறுக்களவே 9 மி.மீ.தான். கண்ணாடிச் சட்டம் (ஃபிரேம்) நாலைந்து மில்லிமீட்டர் இறங்கினால் கண்மணி வட்டத்தின் விளிம்புக்கு வந்துவிடும். குழந்தையின் மூக்கோ இன்னும் எலும்பு எழாத சின்ன மூக்கு, வியர்வை வேறு. குனிந்து எழுதுவாள், கண்ணாடி இறங்கும். போர்டைப் பார்க்க நிமிரும்போது அதைத் தூக்கிவிடாமல் முகவாயைத் தூக்குவாள், அல்லது கண்ணாடிக்கு மேலாகவே பார்ப்பாள். மேலாகப் பார்த்தால் அவ்வளவு நேரமும் லென்ஸ் போடாத கணக்குதான்.

இது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது போனை அவள் கண் மட்டத்தில் பிடித்துப் படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் தேன்கூடு மாதிரி புள்ளிகள், நடுவே வெறும் வட்டம். கண்மணி அந்த வட்டத்தில் இல்லை. மேலே, புள்ளிகளுக்குள் இருந்தது. அப்போது லென்ஸ் போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. முதல் சட்டத்தை விற்ற கடையில் அவள் முகத்தில் அதைச் சரியாக உட்காரவைக்காமலே அளவு எடுத்துவிட்டார்கள் என்று அப்புறம் புரிந்தது. அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அடுத்த சட்டத்தை வேறு இடத்தில் எடுத்தோம். வளைத்துச் சரிசெய்யக்கூடிய சிலிகான் நோஸ் பேட், காதுக்குப் பின்னால் நன்றாக வளையும் கம்பி. முதலில் சட்டத்தை முகத்துக்கு ஏற்ப வளைத்து, அவளைக் குனிந்து நிமிரச் சொல்லிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கண்மணி எங்கே வருகிறது என்று லென்ஸில் குறித்து அளவெடுத்தார்கள். விளையாடும்போது கண்ணாடி விழாமலிருக்கத் தலைக்குப் பின்னால் பட்டை. இவ்வளவு செய்தும் மூன்று நான்கு மாதத்தில் பேட் மஞ்சளாகி இறுகிவிடுகிறது, கண்ணாடி மறுபடி இறங்குகிறது. லென்ஸுக்கு இவ்வளவு மூளையைச் செலவழித்தவர்கள் அதை ஒரு குழந்தையின் மூக்கில் நிறுத்துவதற்கு ஒரு வழி யோசித்திருக்கக் கூடாதா?

சின்னவனுக்கு ஆறு வயது, இன்னும் பவர் இல்லை. அவனைத் தினமும் வெயில் வெளிச்சத்தில் விளையாட அனுப்புகிறேன். சீனாவின் குவாங்சோவில் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்க ஏற்பாடு செய்த பள்ளிகளில், மூன்று வருடத்தில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்ற பள்ளிகளில் 39.5. வராமல் தள்ளிப்போடுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. வந்த பிறகு வெளியே விளையாடுவது மட்டும் போதாது.

சரி, தோழியின் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு நல்லது சொல்லிவிட்டும் இன்று என் பதில் "இப்போதைக்கு வாங்காதே" என்பதுதான். முதலில் அவன் மூக்கில் நாள் முழுக்க நிற்கும் சட்டத்தையும், பொறுமையாக அளவெடுக்கும் ஆளையும் தேடிப் பிடி. இரண்டும் கிடைக்கவில்லை என்றால் பவர் ஏறுவதை மெதுவாக்கக் கண்ணில் விடும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து அவனுக்குச் சரிவருமா என்று கண் மருத்துவரிடம் கேள். சொட்டு மருந்து மூக்கிலிருந்து வழுக்காது.