பைத்தான்ல செட்டிங்ஸ் ஃபைல்: ஐஎன்ஐயா, டாமலா?

பைத்தான்ல செட்டிங்ஸ் ஃபைல் படிக்க கூடவே வர்ற மாட்யூல்லயே ரெண்டு நல்ல வழி இருக்கு. ஐஎன்ஐ, டாமல்ங்கறது செட்டிங்ஸ எழுதி வெக்கற ரெண்டு ஃபார்மட், ஐஎன்ஐ ஃபைலுக்கு கான்ஃபிக்பார்சர், டாமல் ஃபைலுக்கு டாமல்லிப். முதலாவது ரொம்ப பழசு, ரெண்டாவது 2022ல வந்த 3.11 வெர்ஷன்லதான் உள்ள சேர்ந்துச்சு.

ஐஎன்ஐல பெரிய சிக்கலே எல்லா வேல்யூவும் ஸ்ட்ரிங்காத்தான், அதாவது வெறும் எழுத்தாத்தான் வரும். போர்ட் 8080னு எழுதினாலும் நம்பரா கிடைக்காது, கெட்இன்ட் போட்டு எடுக்கணும். டீபக்குக்கு ஃபால்ஸ்னு எழுதியிருக்கறத அப்படியே எடுத்து இஃப்ல போட்டீங்கன்னா ட்ரூனு போயிடும், ஏன்னா காலியா இல்லாத ஸ்ட்ரிங் எல்லாமே பைத்தானுக்கு ட்ரூதான், அதனால கெட்பூலியன மறக்கவே கூடாது. பாஸ்வேர்டுல % இருந்தா இன்டர்பொலேஷன்னு, அதாவது அங்க வேற ஒரு வேல்யூவ நிரப்பணும்னு நெனச்சு எரர் குடுக்கும், அத ஆஃப் பண்ணிட்டா சரி. கீ பேரெல்லாம் சின்ன எழுத்தா வேற மாறிடும்.

டாமல்ல இந்த தொல்லையே இல்ல, நம்பர் நம்பராவே வரும், லிஸ்ட், தேதி கூட அப்படித்தான். ஃபைல பைனரி மோட்ல தொறக்கணும், அவ்ளோதான். ஆனா டாமல்லிப் படிக்க மட்டும்தான், எழுதணும்னா டாமல்கிட் மாதிரி ஒண்ண தனியா இன்ஸ்டால் பண்ணணும். கான்ஃபிக்பார்சர் எழுதும், ஆனா எழுதினதும் ஃபைல்ல இருந்த கமென்ட் எல்லாம் காணாம போயிடும், இது எனக்கு சுத்தமா பிடிக்கல, ஒருத்தர் பாத்துப் பாத்து எழுதி வெச்ச குறிப்ப அழிக்க நம்ம ப்ரோக்ராமுக்கு என்ன உரிமை? டாமல்கிட் கமென்ட்ட அப்படியே விட்டுவெக்கும்.

புதுசா ஆரம்பிக்கறவங்க டாமலுக்கே போங்க, வெளி பேக்கேஜ் எதுவும் போட முடியாத சர்வர்ல ஃபைல எழுதவும் வேணும்னா மட்டும் ஐஎன்ஐ.